சருகுக்குள் ஒரு கண்

அந்த மார்கழிக் காலையில் பூம்பாறை ரோட்டு ஓடையோரம் இருந்தது நானும் ஒரு பூண்டு லாரி டிரைவரும்தான். என்னோடு பறவை பார்க்கும் வாத்தியாரும் கம்பவுண்டரும் குளிருக்குப் பயந்து வரவில்லை. ஒரு பறவையை இரண்டு பேர் பார்த்தால்தான் கணக்கில் சேரும் என்பது எங்கள் வழக்கம். நான் முதன்முதலாகக் கண்டுபிடித்த மலை உள்ளான் பறவையோ சருகு நிறத்தில், சருகுக்குள்ளேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது. சாட்சிக்காக லாரியை மறித்தேன்.

டிரைவர் மப்ளர் சுற்றிய ஒல்லி மனிதர். இறங்கியதும் பனி படிந்த லாரிக் கண்ணாடியை, ஈரம் ஒட்டாமலிருக்கப் புகையிலையால் துடைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

“பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ண்ணே.”

“பாக்காம எப்படித் தம்பி சொல்றது? அங்க சருகுல்ல கெடக்கு.”

சந்தைக்கு நேரமாகியும் அவர் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“ஏலே, சருகுக்குக் கண்ணு இருக்குடா. கருகருன்னு. என்னையத்தான் பாக்குது.”

ஞாயிற்றுக்கிழமை அவராகவே எங்களைத் தேடி வந்து, டீக்கடையில் வாத்தியாரிடமும் அதையே சொன்னார். “மலை உள்ளானோட கண்ணேதான்,” என்று வாத்தியார் என் முதுகில் தட்டினார்.

முன்பின் தெரியாத எனக்காக அவர் ஏன் அவ்வளவு மெனக்கெட்டார் என்று இன்னும் விளங்கவில்லை. எங்களுக்கு ஆன செலவு, அவர் குடித்த டீக்கு ஓரணா.