செத்தவனின் பக்கத்துப் பாய்

ஜாமீனில் வெளியே வந்ததிலிருந்து எனக்கு ஊரில் ஒரே வேலைதான். அந்த ரவுடி ஜெயிலில் எப்படிச் செத்தான் என்று சொல்வது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் ஒரு டீ சொல்லிவிட்டு நின்றால் போதும், எவனாவது வந்துவிடுவான். "இன்னாண்ணா, அடிச்சே சாவடிச்சிட்டாங்களாமே?" சாகும்போது என்ன வசனம் பேசினான் என்று ஒரு வாலிபன் போனை நீட்டிக்கொண்டு கேட்டான். போடா, போய்ப் பொழப்பைப் பாரு என்று விரட்டினேன். மாஜிஸ்திரேட் விசாரணையில் சொல்லியாயிற்று, போலீஸிடம் சொல்லியாயிற்று, அவன் பெண்டாட்டியின் வக்கீலிடமும் சொல்லியாயிற்று. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நான் உள்ளே போனது வரப்புத் தகராறில். பங்காளிக்கு மண்டை உடைந்தது, எனக்கு அந்தப் போக நடவு போயிற்று. அந்த ரவுடியோ மாவட்டமே பெயரைச் சொல்லப் பயந்த ஆள். கொலை, கடத்தல், கட்டப்பஞ்சாயத்து என்று எத்தனையோ வழக்கு. அவன் பாய்க்குப் பக்கத்துப் பாய் எனக்கு வாய்த்தது. என் தலையெழுத்து.

யாரும் அவனை அடிக்கவில்லை. குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டு, காமாலை முற்றி, வயிறு வீங்கிச் செத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், ஊசி போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கடைசியில் டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை, நாங்கள்தான் கஞ்சி ஊட்டினோம். கழிவறைக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெள்ள போப்பா, மெள்ள" என்று கெஞ்சுவான். பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. இவ்வளவுதான் கதை. இதைச் சொன்னால் கேட்கிறவன் முகம் சப்பென்று போய்விடுகிறது.

போன மாதம் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். காவாந்தண்டலம் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். அவர் மகன் டிராக்டர் ஓட்டுகிறவன். ஒருநாள் அந்த ரவுடியின் ஆட்களோடு வண்டியில் ஏறிப் போனவன், திரும்பவில்லை. போலீஸில் காணவில்லை என்று எழுதியதோடு சரி.

"பக்கத்துலயே பட்த்துக்கினு இருந்தியாமே நைனா. என் புள்ளயப் பத்தி எதுனா சொன்னானா?"

உள்ளே ஒரு வழக்கம் உண்டு. என்ன கேஸ் என்று கேட்கலாம், செய்தாயா என்று கேட்கக் கூடாது. எவனாவது தானாகச் சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்கள் நகர்ந்துவிட வேண்டும். காதில் விழுந்துவிட்டால் நீ சாட்சி. அப்புறம் கோர்ட்டுக்கு அலைந்தே ஆயுசு போய்விடும், வெளியே இருக்கிற அவன் ஆட்களும் சும்மா விடமாட்டார்கள். காய்ச்சலில் அவன் உளறத் தொடங்கியதும், "அண்ணன் ஆரம்பிச்சிட்டாருடா" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்ச் சுவரோரம் போய்விடுவோம். ஒருத்தன் வேண்டுமென்றே சத்தமாகச் சாமி பாட்டு பாடுவான். ஒருநாள் அந்தப் பாட்டையும் மீறி இரண்டு வார்த்தை என் காதில் விழுந்துவிட்டது. கோர்ட்டுக்குப் பயந்து அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. அலுப்பாகவும் இருந்தது. சொல்லித் தொலைத்தால் இவராவது நிம்மதியாகப் போவார் என்று நினைத்தேன்.

"டிராக்டர் பையன ஏரியில போட்டோம்னான் பெரியவரே. எந்த ஏரின்னு கேக்கல. சத்தியமா கேக்கல."

எந்த ஏரி என்று பிடித்துக்கொள்வார், இந்தச் சீமையில் ஏரிக்கா பஞ்சம் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். அவர் அதைக் கேட்கவேயில்லை. சேற்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ, என் புள்ள இல்லன்ற."

அட கடவுளே என்று இருந்தது எனக்கு. மகனை வெளியூருக்கு விரட்டிவிட்டோம், எங்கேயாவது இருப்பான் என்று அந்தப் பாவி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா என்று கேட்க வந்த மனிதரிடம், நான் பாட்டுக்கு ஏரி என்று சொல்லிவிட்டிருக்கிறேன். அவர் தோளில் கை வைத்தேன். என் கையில் சேறு இருந்தது, அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"அவன் அம்மாக்காரி மாசாமாசம் அவன் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுக்கினு கீறா நைனா. என்னிக்கினா போன் வரும்னு" என்றார். "இப்போ வூட்டுக்குப் போயி அவகிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?"