அவள் நன்றாக நடந்துவிட்டாள்

நூற்று எண்பத்தாறு மீட்டர். ஆஸ்பத்திரியில் ஆறு நிமிடத்தில் அவளால் நடக்க முடிந்த தூரம் அவ்வளவுதான். வயது நாற்பத்து மூன்று. அதில் பத்தொன்பது வருஷம் வாஷ்பேசின் தொழிற்சாலையின் பவுடர் பிரிவில் போனது. கல்மாவு மூட்டையைக் கிழித்துக் கலவை இயந்திரத்தில் கொட்டுவது வேலை. வீடு திரும்பும்போது இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும்.

நுரையீரல் கெட்டிருக்கிறது, இனி தூசிப் பக்கமே போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கள் டாக்டர் சோதிக்க வேண்டும் என்றது. விதிப்படி, ஆறு நிமிடத்தில் முந்நூறு மீட்டருக்குக் குறைவாக நடந்தால் ஸ்டிக்கர் ஒட்டும் பிரிவுக்கு மாற்றல். அங்கே ஜன்னல் உண்டு, நாற்காலி உண்டு, தூசி கிடையாது. சோதனைக்கு நான்கு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அதுவரை விடுப்பு.

அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போனாள், வாரம் மூன்று காலை. சொல்லிக்கொடுத்த பெண் கறாரானவள்.

"நடக்கும்போது மூக்கால ரெண்டு அடிக்கு மூச்சை இழுங்க, உதட்டைக் குவிச்சு நாலு அடிக்கு விடுங்க. அவசரப்படாதீங்கக்கா. பழைய காத்து உள்ளயே உக்காந்திருந்தா புதுசு எங்க போகும்?"

குடத்தைத் தூக்கும் நொடியில் மூச்சை அடக்காமல் ஊதிவிடக் கற்றாள். மாடிப்படியில் அவள் ஊதிக்கொண்டே ஏறுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி, "என்ன விசிலக்கா, இன்னும் எத்தனை விசில் வந்தா இறக்கலாம்?" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

சோதனைக்குக் கிளம்பும்போது புருஷன் எச்சரித்தான். "அங்க போய் உன் வித்தையைக் காட்டிடாத. பாதியிலயே உக்காந்துடு."

"நடிக்கத் தெரியாமயா உங்களோட இருபது வருஷம் குடும்பம் நடத்துறேன்?"

தொழிற்சாலையின் நீள வராந்தா. இரண்டு முனையிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கடிகாரம் பிடித்திருந்த குமாஸ்தாவுக்கு அவள் வயதுதான் இருக்கும், தலையில் முடிதான் இல்லை. "முடியலன்னா சொல்லுங்க பாட்டிம்மா. தூக்கிட்டுப் போக ஆளிருக்கு" என்றான்.

சுருக்கென்றது. முதல் சுற்றில் நினைத்தபடியே சுவரைப் பிடித்தாள், இருமினாள். இரண்டாவது சுற்றில் அந்தப் 'பாட்டிம்மா' காதுக்குள் குடைந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. ரெண்டு அடிக்கு இழு, நாலு அடிக்கு விடு. நெஞ்சு சொன்னபடி கேட்டது. நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், உட்காரவே இல்லை.

முந்நூற்று முப்பத்தொன்று.

"பிரமாதம்மா!" என்றார் டாக்டர். "பழைய வேலைக்கே போகலாமே."

"ஐயா, நுரையீரல் அப்படியேதான் இருக்கு. மூச்சை எப்படி விடணும்னு மட்டும்தான் கத்துக்கிட்டேன்."

"விதியில நுரையீரல்னு போடலம்மா. மீட்டர்னுதான் போட்டிருக்கு." கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னாள். புருஷன், "பாட்டின்னா சொல்லிட்டுப் போறான், உனக்கென்னடி?" என்றான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் பவுடர் பிரிவில் இருக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு அறுபது மூட்டை. ஆஸ்பத்திரிப் பயிற்சியும் காலையில்தான் என்பதால், அதற்கு இனி போக முடியாது.