லண்டன் வரை வந்த அத்தை

எனக்கு ஒன்பது வயதானபோது, என்னைத் தனியாக விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவானது. அப்பா இறந்த மறுவருடம் அம்மா அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்குப் போயிருந்தாள். நான் மலேசியாவில், கிள்ளானில் அப்பாவின் அக்கா வீட்டில் வளர்ந்தேன். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். காலையும் மாலையும் அந்த வேனின் முன் சீட்டு எனக்குத்தான்.

விமானப் பணிப்பெண் கூடவே இருந்து பார்த்துக்கொள்வாள் என்று அம்மா போனில் எவ்வளவோ சொன்னாள். பதினான்கு மணி நேரம் பறக்க வேண்டும், நடுவில் இறங்க முடியாது என்பது மட்டும்தான் என் மனதில் நின்றது. சாப்பிட மறுத்தேன். பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தேன். அத்தை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பூச்சோங்கில் இருந்த தன் சிநேகிதியிடம் வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதுவரை அவள் விமான நிலையத்துக்குப் போனதெல்லாம் யாரையாவது வழியனுப்பத்தான்.

"நானும் லண்டன் பாக்கணும் லா. நீ எனக்குத் துணைக்கு வா," என்றாள்.

துணைக்குப் போகிறவளின் மிடுக்கு எனக்கு உடனே வந்துவிட்டது. அத்தைக்குப் பெல்ட் மாட்டிவிட்டதே நான்தான். விமானம் மேலே கிளம்பியபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. இந்தக் குளிரிலும் இப்படி வேர்க்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னால் இருந்த திரையில் ஒரு குட்டி விமானம் நகராமலே நின்றது. இன்னும் பத்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று காட்டியது. அதைப் பார்த்ததும் என் மிடுக்கெல்லாம் போய் அழுகை வந்துவிட்டது.

அத்தை கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள்.

"நம்ம வேன் அரை வருஷம் ஓடுற தூரம்தானே இது. பக்கத்துல உக்காந்து இதவிட அதிகமா வந்திருக்க. ஒரு நாளாச்சும் அழுதியா?"

"வேன்ல ஜன்னல் தொறக்கலாம்."

"தொறந்தா டிராஃபிக் ஜேம்ல புகைதான் வரும். இங்க அதுவும் இல்ல. தூங்கு லா."

தூங்கிவிட்டேன். விழித்தபோது அவளுடைய போர்வையும் என் மேல் இருந்தது. லண்டனில் இறங்கியதும் அம்மாவைக் கண்டு ஓடினேன். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு அத்தை பின்னால் வந்து சேர்ந்தாள்.

லண்டன் பார்க்க வந்தவள் அம்மாவின் ஒற்றை அறையிலேயே இருந்தாள். அங்கிருந்து என் புதுப் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் மட்டும் இரண்டு முறை போய்வந்து, எந்த இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தாள். அந்த வாரக் கடைசியில் கிளம்பிவிட்டாள்.

கிள்ளான் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். "பயமா இருந்துச்சா அத்தை?" என்று பெரிய மனுஷியாகக் கேட்டேன்.

"ஏறுனதும் தூங்கிட்டேன் லா."

அதை அப்படியே நம்பினேன். இப்போது அவளைப் பார்ப்பதற்கென்றே வருடந்தோறும் கோலாலம்பூருக்குப் பறக்கிறேன். இத்தனை முறை பறந்தும் விமானத்தில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. என்னைக் கொண்டுவந்து சேர்த்தவளுக்குத் திரும்பிப் போகவும் அதே தூரம் இருந்தது, அதைப் பக்கத்தில் ஆளில்லாமல் அவள் கடந்தாக வேண்டும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.