சுத்துது, ஆனா பிடிக்கல

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று மூன்று ஊரையும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஜெட் போட் இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவன் என்னைத் தவிர இன்னொருத்தன் கிடைக்கமாட்டான்.

இது பொய். பிரிக்கத் தெரியும். மாட்டியபோது இரண்டு போல்ட்டும் ஒரு வாஷரும் மிஞ்சின. இன்னொருத்தன் கிடைக்கமாட்டான் என்பது மட்டும் நிஜம். ஏனென்றால் மூன்று ஊருக்கும் சேர்த்து இருந்ததே ஒரு ஜெட் போட்தான். அதை ஓட்டத்தான் என்னை வைத்திருந்தார்கள். ஓடாவிட்டால் தள்ள.

மூன்றாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்திக்கொண்டேன். அதனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை. பிறகு டேனரியில் தோல் ஊறும் டிரம்மைப் பார்த்துக்கொள்கிற வேலை. டேனரி மூடிய பிறகு சும்மா இருந்தேன். சும்மா இருப்பதிலும் நான் கெட்டிக்காரன் இல்லை, சீக்கிரம் அலுத்துவிட்டது. அந்த வருஷம் நல்ல மழை. மலையடிவாரத்து ஏரி நிரம்பி வழிந்தது. டேனரி முதலாளியின் தம்பி மகன், எங்களுக்கெல்லாம் பாய், அந்த ஏரியைப் படகு விட ஏலம் எடுத்தார். ஆறு வாத்து போட்டு, மிதித்தால் போகிறவை. கூடவே கோவா பக்கத்திலிருந்து லாரியில் வந்த ஒரு பழைய ஜெட் போட்டு.

"நீ பதினஞ்சு வருசம் டிரம்ல தண்ணியச் சுத்த உட்டவன் ப்பா. இதுவும் தண்ணியச் சுத்துற மெஷின்தான்" என்றார் பாய். என் வேலைக்கான நேர்முகத்தேர்வு அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் பாதி சரி. ஜெட் போட்டுக்கு வெளியே விசிறி கிடையாது. அடிவயிற்றால் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீய்ச்சி அடிக்கும். அந்த உதைப்பில் முன்னால் போகும். எனக்குத் தெரிந்தது இவ்வளவு. இதை வைத்துக்கொண்டுதான் என் மனைவி ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னை மெக்கானிக் ஆக்கினாள்.

அவள் அங்கே மேல்தோல் தைக்கிறவள். மிஷினில் கை ஓடும்போது வாயும் ஓடுமாம். ஒருத்தி தன் வீட்டுக்காரர் காட்பாடி ஸ்டேஷனில் வேலை என்பாளாம். இன்னொருத்தி தறி வைத்திருக்கிறார் என்பாளாம். இவள் பல வருஷம் ஒன்றும் சொல்லாமல் ஊசியைப் பார்த்துக்கொண்டே தைத்திருக்கிறாள். போட்டு வேலை கிடைத்ததும் ஒரு நாள், "எங்க வூட்டுக்காரர் இன்ஜின் மெக்கானிக். போட் கம்பெனியில" என்று சொல்லிவிட்டாள். யாரும் நம்பவில்லை. சரி, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டும் விட்டாள்.

எனக்கு இதைச் சொன்னது சனிக்கிழமை சாயங்காலம், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போது.

"நாளைக்கு நாலு பேர் வர்றாங்க. இத்தினி வருசத்துல உன்னப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்த சொல்லிகீறேன். அதக் காப்பாத்திக் குடுயா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பையின் வாரை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஞாயிறு காலை நாலு பேரும் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் தையல் லைனுக்கு லீடரான அக்கா, பேச்சில் கத்தரி வைத்திருக்கிற குடியாத்தத்துப் பெண், பார்த்ததற்கெல்லாம் சிரிக்கிற இரண்டு பேர். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்காரவைத்தேன். என் மனைவி முன் சீட்டில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு. நான் சாவியைத் திருப்பினேன்.

கிர் கிர் கிர் கிர். சுற்றியது. பிடிக்கவில்லை.

மறுபடி. கிர் கிர் கிர். கல்யாண வீட்டில் தூங்குகிற பெரியப்பா மாதிரி உறுமியது, எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, இன்னா ஆச்சுங்க?" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் 'ஏங்க' கிடையாது. 'யோவ்'தான். 'ஏங்க' வந்தால் விஷயம் பெரிசு.

"காலைல குளிருக்கு அப்படித்தான்" என்றேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பாய் கரையிலிருந்து கத்தினார். "அரே, அடியில தாமர அடைச்சிகிச்சு ப்பா! எறங்கிப் பாரு!"

ஆகாயத்தாமரை அடைத்தால் போட்டு போகாது, ஆனால் இன்ஜின் பிடிக்கும். அது எனக்கே தெரியும். இருந்தாலும் சட்டையைக் கழற்றி இறங்கிவிட்டேன். தண்ணீருக்கு அடியில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். உறிஞ்சுகிற ஓட்டைக்குள் கையை விட்டேன். ஏதோ சிக்கியது. இழுத்துக்கொண்டு மேலே வந்தால், ஒற்றைச் செருப்பு.

"இன்னாண்ணா, இன்ஜினுக்கு எட்டாம் நம்பர் சைஸா?" என்றது குடியாத்தம்.

லீடர் அக்கா செருப்பை வாங்கி வளைத்துப் பார்த்தார். "வெறும் ஒட்டு வேல. தையலே இல்ல. அதான் கால உட்டுப் போயிருக்குது" என்று தீர்ப்பு சொன்னார். மற்றவர்களும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் எனக்கு விடுதலை. மனைவி மட்டும் செருப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி சாவியைத் திருப்பினேன். கிர் கிர் கிர்.

சரி, இனிமேல் நிஜமாகவே பார்க்கவேண்டியதுதான். எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் டேனரியில் பழைய ஜெனரேட்டரோடு குடித்தனம் செய்தவன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறதென்றால் பேட்டரி குற்றவாளி இல்லை. மிச்சம் இருப்பது காற்று, பெட்ரோல், கரண்டு. மூன்றில் ஒன்று வேலைக்கு வரவில்லை. காற்று போகிற வழியைத் திறந்தேன், சுத்தம். ஒரு பிளக்கைக் கழற்றினேன். மூக்கில் ஏறுகிற பெட்ரோல் வாடை, பிளக் நனைந்திருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "பெட்ரோல் வருது" என்று கோர்ட்டில் சொல்வது போலச் சொன்னேன். லீடர் அக்கா தலையாட்டினார். மனைவியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, பிளக்கை வயரில் மாட்டி இன்ஜின் உடம்பில் ஒட்டிவைத்தேன். கரண்டு வந்தால் நீலமாக ஒரு பொறி தெரியும். வெயிலில் தெரியாது என்பதால் துண்டால் மறைத்துப் பார்க்கவேண்டும். மனைவி துண்டைப் பிடித்தாள். பாயை ஏறிவந்து சாவியைத் திருப்பச் சொன்னேன். துண்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் தலையை விட்டுக் குனிந்திருந்தோம். பொறி இல்லை.

துண்டுக்குள் மரியாதை காணாமல் போனது. "யோவ், இன்னாயா?"

"கரண்ட் வரல."

"ஏன் வரல?"

"தெரிஞ்சா இந்தத் துண்டுக்குள்ள ஏன் ஒளிஞ்சிகினு கீறேன்?"

"தெரியாத மாதிரி மூஞ்ச வெச்சுக்காத. நாலு பேர் பாக்குறாங்க." அவள் மூக்கு நுனியில் வேர்வை. பயப்படுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. பத்து வருஷத்தில் என்னால் அவள் கோபப்பட்டிருக்கிறாள், அழுதிருக்கிறாள், சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். எனக்காகப் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. துண்டுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பேன், பாய் "அரே, முடிஞ்சிச்சா?" என்று கேட்டுக் கெடுத்தார்.

கரண்டு எங்கேயோ வழியில் நிற்கிறது. எங்கே என்று ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டு ஸ்டியரிங் வரைக்கும் போனேன். அங்கே ஒரு சிவப்புப் பொத்தான். அதன் கழுத்தில் ஒரு கிளிப் செருகியிருக்கும். கிளிப்பிலிருந்து ஒரு கயிறு, ஓட்டுகிறவன் மணிக்கட்டில். அவன் தண்ணீரில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், பொத்தான் உள்ளே இறங்கும், கரண்டு நின்று இன்ஜின் அணையும். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நாள் முழுக்கச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது.

கிளிப் அதன் இடத்தில்தான் இருந்தது. அதனால்தான் நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இப்போது விரலை வைத்தேன். பொத்தான் அரைவாசி இறங்கியிருந்தது.

போட்டோடு வந்த கிளிப் இரண்டு வாரத்துக்கு முன்பே ஏரிக்குள் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் எது தொலைந்தாலும் பதிலுக்குத் தோலை வெட்டி வைப்போம். கதவு ஆட்டத்துக்குத் தோல், கட்டில் காலுக்கு முட்டுத் தோல், குக்கருக்குக்கூட ஒருத்தன் தோல் வாஷர் போட்டு, வீடே டேனரி வாடை அடித்தது. பொத்தான் கிளிப்பையும் அப்படித்தான் செய்துகொண்டேன். செய்தது நான் இல்லை. மனைவி. ஷூவின் அடிப்பக்கத்துக்குப் போடுகிற அடித்தோலில் இரண்டு துண்டு வெட்டி, ஒட்டி, ஓரம் முழுக்கத் தைத்துக் கொடுத்திருந்தாள். அவ்வளவு அழகு, பாயிடம் காட்டிப் பெருமைகூட அடித்தேன். அது இரண்டு வாரம் தண்ணீர் குடித்து ஊறி, பொத்தானின் அழுத்தத்தில் வெற்றிலை மாதிரி நசுங்கிக் கிடந்தது.

கண்டுபிடித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மெக்கானிக். வாயைத் திறந்து சொல்லவேண்டியதுதான் பாக்கி. ஆனால் சொன்னால், தையலுக்கென்றே பேர் வாங்கினவள், லைன் லீடர் முன்னால், தையல்காரிகள் நாலு பேர் முன்னால், தன் கைவேலையால் போட்டு நின்றது என்று கேட்கவேண்டும்.

கிளிப்பை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன். "அட, பெட்ரோல் குழாயத் தொறக்க மறந்துட்டேன்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். லீடர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இப்பத்தான தம்பி, பெட்ரோல் வருதுன்னு பிளக்கக் காட்டுனீங்க?"

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் படிப்பு வேண்டும்.

மனைவி என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தோலை எடுத்து நகத்தால் அழுத்தினாள். தண்ணீர் கசிந்தது. அவளுக்கு யாரும் எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன்.

"இது நான் வெட்டுனது, அக்கா" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "தண்ணியில போற சாமானுக்கு அடித்தோல் வெச்சிகீறேன். தப்பு என்னுது. கண்டுபுடிச்சது அவரு. என்ன உட்டுக் குடுக்கக் கூடாதுன்னு அவர் தலையில போட்டுக்குறாரு."

நான் ஏரியைப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு வாத்து போட்டு வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"தையல் பிரியலயே" என்றார் லீடர் அக்கா, தோலை வாங்கி ஓரத்தைத் தடவி. "தோல்தான் தப்பு. கை தப்பில்ல."

"ஏன்டி, இப்படி ஒரு ஆள வெச்சிகினு வாய மூடிகினா தெச்சிகினு இருந்த?" என்றது குடியாத்தம். இந்தத் தடவை கத்தரி இல்லை.

மனைவி பையைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பாவின் மூடி, கெட்டிப் பிளாஸ்டிக். நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி எப்போதும் அவள் பையில் இருக்கும். மூடியின் ஓரத்தைத் தோல் கிளிப்பின் அளவுக்கு நறுக்கி, நடுவில் பள்ளம் வைத்து, கயிறு கோர்க்க ஓட்டை போட்டாள். இரண்டு தடவை செருகிப் பார்த்து, ஓரத்தைச் சீவினாள். மூன்றாவது தடவை பொத்தான் நிமிர்ந்து நின்றது.

பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். கிர் கிர், ஒரு தும்மல், கொஞ்சம் வெள்ளைப் புகை, பிடித்துக்கொண்டது. பெண்கள் போட்ட கூச்சலில் பாயின் தொப்பி கழன்றுவிட்டது என்று சொல்வேன். கழலவில்லை, அவரே கழற்றி வீசினார்.

ஏரி நடுவில் போனதும் ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்தேன். மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டாள். கயிற்றை என் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து, அவள் வளையலுக்குப் பின்னால் கட்டினேன். பின்னாலிருந்து நாலு பேரும் அவள் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் திரும்பவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, மிஷினில் உட்கார்ந்த மாதிரியே ஓட்டினாள்.

ஒன்றே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜெட் போட்டில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் ஸ்டியரிங் கேட்காது. தண்ணீர் பீய்ச்சினால்தான் திரும்பும். எதிரே வாத்து போட்டில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. பயத்தில் இவள் ஆக்சிலேட்டரைச் சுத்தமாக விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை மட்டும் ஒடித்து ஒடித்து...

"யோவ்! கொழாயில தண்ணி வந்துடுச்சு! அங்க ஒக்காந்து இன்னா எழுதிகினு கீற? குடத்த எடுத்துகினு வா!"

பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். போகிறேன்.