ஆம்பூரிலிருந்து ஒடுகத்தூர்: புலப்படத்தில் இடம் மாறிய கிணற்றை மீட்டுவந்த பயணம்

என் தங்கை செல்விக்கு ஒடுகத்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை நிலமும் ஒரு கிணறும் உண்டு. கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு மனுப் போட்டாள். நில எல்லைகளைக் காட்டும் ஆன்லைன் புலப்படத்தைப் பார்த்த அலுவலர், "கிணறு பக்கத்து சர்வே நம்பர்ல இருக்கேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கரண்ட் இல்லையென்றால் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் கிடையாது.

பக்கத்து நிலம் முனுசாமி சித்தப்பாவுடையது, அவள் வீட்டுக்காரருக்குத் தூரத்துப் பங்காளி. நியாயம் கேட்கப் போனவளிடம், "கம்ப்யூட்டர்ல இன்னா இருக்குதோ அதாம்மா கரெக்ட்டு. கெணறு என்து" என்றாராம். போனில் கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கிணற்றில் இறைத்தவர்கள் அவள் மாமியார் வீட்டார். அதையா தூக்கிக் கொடுப்பது?

நில அளவைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தோம். தாலுகா ஆபீஸில் பழைய காகிதப் புலப்படத்தின் நகலையும் வாங்கி வைத்தோம். பொங்கல் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை சர்வேயர் வருவதாகத் தகவல் வந்தது. ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் நான், சுலபத்தில் லீவு கிடைக்காது. சண்டை போட்டு வாங்கினேன்.

காலை ஆறேகால் பஸ். ஆம்பூரிலிருந்து மாதனூர் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம் கூட ஆகாது. அங்கிருந்து ஒடுகத்தூருக்கு டவுன் பஸ் வந்தால் விடாதீர்கள், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்குப் பொறுமை இல்லை, ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

"சர்வேயரா? வந்தா பாத்துக்கோக்கா" என்றார், நான் போகிற காரியத்தைக் கேட்ட டிரைவர். "எங்க மாமா மூணு தபா காத்துக்கினு இருந்து பேஜாராயிட்டாரு."

நல்ல வாய் உனக்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

பத்து மணிக்கு முன்பே நிலத்துக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார் சர்வேயர், சின்ன வயதுப் பெண். காகித நகலை டேப்லெட் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பழைய காயிதத்துல இந்த வரப்பு கிணத்த சுத்தி வலது பக்கம் வளையுது மேடம். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது யாரோ அந்த அளவ இடது பக்கமா போட்டுட்டாங்க. அதான் கிணறு அந்தாண்ட போயிடுச்சி."

தினமும் இடது கால் ஷூவையும் வலது கால் ஷூவையும் ஜோடி சேர்க்கிற எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. "வளைவுல ஒரு எல்லைக்கல் இருக்கணும். அது கெடைச்சா திருத்தச் சொல்லி எழுதிடலாம்" என்றார்.

"கல்லா? நான் பாக்காத கல்லா இங்க?" என்று சிரித்தார், அளப்பதைப் பார்க்க வந்திருந்த சித்தப்பா.

சர்வேயர் கருவியை நட்டு, கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் இடத்தைக் காட்டினார். செல்வியே கடப்பாரையை எடுத்தாள். தோண்டினாள், தோண்டினாள், மண்தான் வந்தது. சித்தப்பா பீடி பற்றவைத்தார். சர்வேயர் மட்டும் அசரவில்லை. அளவை மறுபடி சரிபார்த்து, "இன்னும் ரெண்டு ஜாண் தள்ளிப் பாருங்க" என்றார்.

டங்!

மண்ணைத் தள்ளியதும் கல்லின் தலை தெரிந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், கிணறு! கம்பெனியில் யாராவது விசிலடித்தால் கத்துகிறவள் நான். அன்றைக்கு இரண்டு விரலை வாயில் வைத்து நானே அடித்தேன். செல்வி கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். சித்தப்பாவின் பீடி அணைந்துபோயிருந்தது.

திருத்தம் ஏற சில வாரம் ஆனது. புதிய புலப்படத்தைப் போனில் பார்த்த அன்று கம்பெனியில் எங்கள் லைன் முழுக்கப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். ஆம்பூரில் வேறு என்ன வாங்குவது? கரண்டும் வந்துவிட்டது.

நீங்களும் போவதாக இருந்தால்: இன்றைக்கே உங்கள் நிலத்தின் புலப்படத்தை ஆன்லைனில் எடுத்துப் பாருங்கள். பட்டாவில் பேர் சரியாக இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், வளைவு, கிணறு, வண்டிப்பாதை எல்லாவற்றையும் காகித நகலோடு ஒப்பிடுங்கள். அளக்கிற அன்று கடப்பாரை, குடிதண்ணீர், தொப்பி அவசியம். பக்கத்து நிலத்துக்காரர் எதிரில் இருக்கும்போதே அளப்பது நல்லது, பின்னால் பேச்சு வராது. போக வர எனக்கு ஆன செலவு, டீ வடை சேர்த்து, நூற்று இருபது ரூபாய்.

போன வாரம் சித்தப்பா வரப்பில் வந்து நின்றாராம். "செல்வி, தண்ணி ஜாஸ்தியா வருதே. என் கடலைக்கு ரெண்டு பாத்தி விடேன்."

மோட்டாரை நிறுத்தாமலே இவள் சொல்லியிருக்கிறாள்: "இரு சித்தப்பா, கம்ப்யூட்டர்ல பாத்துட்டு சொல்றேன்."