பெட்டைகளுக்கு இன்னும் நாளாகும்

கொட்டகைப் பக்கமிருந்து மூங்கில் முறியும் சத்தம் கேட்டதும், இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த யூக்-வான் கத்தியோடே ஓடினாள்.

கணவனின் அண்ணன் குவோக்-கியுங் நடுத்தடுப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இடைவெளியில் நுழைந்த சேவல்கள் பெட்டைகளை மிதித்துத் தள்ளிவிட்டுத் தீவனத் தொட்டியை அடைத்துக்கொண்டன.

"கத்தியைக் கீழ வைம்மா. லாரி வந்துட்டிருக்கு. சேவலோட பெட்டையையும் ஏத்திவிடு."

"சேவலுக்கு எடை வந்தாச்சு, போகட்டும். பெட்டைக்கு இன்னும் நாளாகும் அத்தான்."

"ரெண்டும் ஒரே நாள்ல பொரிச்சதுதானே?"

"பொரிச்சா என்ன? சேவல் தின்னது மளமளன்னு சதையாகும். பெட்டை நிதானமா வளரும். முட்டைக்கு வர்ற சமயத்துலதான் தோலுக்கடியில மஞ்சக் கொழுப்பு பிடிக்கும். தெரியாத மாதிரி கேக்குறீங்களே."

அவருக்குத் தெரியும். அவர் எதற்கு வந்தார் என்று அவளுக்கும் தெரியும். கணவன் இறந்தபோது குலத்துப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள்: கொட்டகையில் கோழி நிற்கும்வரை அது அவளுக்கு, ஒருநாள் காலியானாலும் மூத்தவருக்கு. மகன் பெறாதவளுக்கு அவ்வளவுதான். அழுத கண்ணோடு அவள் அடித்த தடுப்பு அது. சேவல்கள் போனதும் அந்தப் பக்கம் புதுக் குஞ்சுகள் இறங்கும். அவை தேறிய பிறகுதான் பெட்டைகள் சந்தைக்குப் போகும். கொட்டகை காலியானதே இல்லை.

லாரி வந்தது. வியாபாரி ஃபூக் இறங்கினார். யூக்-வான் கெஞ்சவில்லை. ஒரு பெட்டையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஊதிப் பாருங்க அண்ணே."

அவர் மார்பு இறகில் ஊதினார். இறகு விலகி வெளிறிய தோல் தெரிந்தது.

"இதை வேகவச்சு விருந்துல வச்சா, சம்பந்தி வீட்டுக்காரன் தட்டை என் தலையில கவுத்துவான். குவாங்சௌ சந்தையில எவன் வாங்குவான்? சேவல் மட்டும் போதும்."

"ரெண்டும் சேத்துத்தானே பேசினோம்?" என்றார் குவோக்-கியுங்.

"பேசினது நீ. ஊதினது நான்."

சேவல்கள் லாரியில் போயின. யூக்-வான் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தாள்.

"அந்த மூங்கிலைப் பிடிங்க அத்தான். பிடுங்கினது நீங்கதானே."

அவர் மூங்கிலைக் காலால் தள்ளினார். "எத்தனை நாள் இப்படி ஓட்டுவே? இருக்கிறது ஒரே பொண்ணு."

அவள் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவ வளர்றவரைக்கும் இங்க கோழி நிக்கும்."

குவோக்-கியுங் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியேறினார். அவர் முற்றத்து வாசலைத் தாண்டுமுன்பே அவள் கொட்டகைக் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.