இருபத்திரண்டாம் கொக்கி

ஸ்கேட் பிளேடை மெஷினில் பிடித்துத் தீட்டும்போது இரும்பு கருகும் மணம் வரும். அதோடு ஈரக் கையுறைகளின் புளித்த வாடையும் சேரும். இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் எனக்கு நிரூ அண்ணையின் ஞாபகம்தான்...

பதினாறு வயதில் ஸ்கூலை விட்டேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதுதான் காரணம். நாங்கள் இருந்த தோர்ண்டன் ஹீத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு ஐஸ் ரிங்கில் வேலை கிடைத்தது. பின்னறையில் இருந்து ஸ்கேட் தீட்ட வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லை.

"ஃப்ரிட்ஜுக்குள்ள போய் இருக்கிறதுக்குச் சம்பளமோ?" என்று அம்மா கேட்டார்.

அங்கே ஒரு ஐஸ் ஹாக்கி டீம் இருந்தது. பின்னறைச் சுவரில் நம்பர் போட்ட கொக்கிகள். ஒவ்வொருவரின் ஸ்கேட்டும் அவரவர் நம்பரில் தொங்கும். தீட்டி மாட்டினால் என் வேலை முடிந்தது.

நிரூ அண்ணை ஒன்பதாம் நம்பர். ஃபார்வர்ட், கோல் அடிக்கிறவர். டொராண்டோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ரோட்டில் டென்னிஸ் பந்தோடு தொடங்கியவர். நைட் ஷிப்ட் முடித்த அப்பா நித்திரையில்லாமல் காரில் கொண்டுபோய் இறக்க இறக்க, ப்ரொஃபெஷனல் ஆனார். பெரிய லீக் மட்டும் கிடைக்கவில்லை. ஸ்லோவாக்கியா, டென்மார்க், ஸ்கொட்லாந்து என்று வருஷத்துக்கு ஒரு டீம். எங்களிடம் வரும்போது வயது முப்பத்தொன்று, முன்பல் மூன்று பொய்ப்பல்.

"தங்கச்சி, நீ கதைச்சா ஃபைன் அடிப்பினமோ?" என்பார்.

"ஓம் அண்ணை."

எதைக் கேட்டாலும் என்னிடமிருந்து வருவது அந்த ஓம் ஒன்றுதான்.

ஜனவரியில் ஒரு மேட்ச்சில் அவரை ஐஸைச் சுற்றியிருக்கும் பலகைச் சுவரோடு சேர்த்து இடித்துவிட்டார்கள். தலையில் அடி. சில வாரம் ஓய்வெடுத்து, டெஸ்ட் எல்லாம் பாஸாகித் திரும்பி வந்தார். அந்த சீசனோடு கான்ட்ராக்ட் முடிகிறது.

"இன்னும் தலையிடிக்குது எண்டு சொன்னா வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம். இதை விட்டா எனக்கு வேற ஒண்டும் தெரியாது," என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

பிறகு ஒரு காலை...

"தங்கச்சி, அந்த இருபத்திரண்டு ஆர்?"

சுவரைப் பார்த்தேன். இருபத்திரண்டாம் கொக்கி வெறுமையாக இருந்தது. அந்த சீசனில் அந்த நம்பருக்கு ஆளே இல்லை.

"புது ஆள் போல. எப்பவும் லெஃப்ட் கோர்னர்லதான் நிக்கிறான். உன்னை மாதிரி, வாயே திறக்க மாட்டான். ஓடினாலும் பிளேட் சத்தம் இல்லை. கூர் மழுங்கி மொட்டையாக்கும். அவன்ர ஸ்கேட்டையும் ஒருக்கா தீட்டி வையன்."

"ஓம் அண்ணை," என்றேன்.

பெரிய ஆட்கள் சொன்னதை இல்லை என்று மறுத்து எனக்குப் பழக்கமில்லை. அவர் பகிடி விடுகிறார் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அன்று ப்ராக்டீஸைக் கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். அவர் இடது மூலைக்குப் பாஸ் கொடுத்தார். அங்கே யாரும் இல்லை. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை வழுக்கிப் போய், பலகையில் படுமுன்பே நின்றது. அந்த மூலையில் தண்ணீர் சரியாக உறையாது, எதுவும் அங்கே சிக்கி நிற்கும். எனக்குத் தெரியும். ஆனாலும் யாரோ மட்டையை வைத்துத் தடுத்தது போல்தான் இருந்தது. நிரூ அண்ணை அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்த நாள் கேட்டார்.

"தீட்டினனியோ?"

"ஓம் அண்ணை."

"அதுதான்... இண்டைக்குச் சத்தம் கேட்டது."

நான் எதையும் தீட்டவில்லை.

சனிக்கிழமை மேட்ச். கோலுக்கு நேர் எதிரே நிரூ அண்ணை தனியாக நின்றார். அடித்திருந்தால் கோல். அடிக்காமல் இடது பக்கம் தட்டிவிட்டு, அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர் டீமில் இரண்டு பேர் வந்து இடித்தார்கள்.

கோச் அவரைப் பின்னறைக்குக் கூட்டிவந்து இருத்தினார்.

"யாருக்குக் கொடுத்தாய் அந்தப் பாஸ்?"

"இருபத்திரண்டுக்கு."

கோச் சுவரில் அந்த வெறும் கொக்கியைப் பார்த்தார்.

"இவளைக் கேளுங்கள். அவனுடைய ஸ்கேட்டைத் தீட்டுவது இவள்தான்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சொல்லு தங்கச்சி."

ஓம் என்றால் அவர் அடுத்த வாரமும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இல்லை என்றால் இன்றோடு எல்லாம் முடிந்தது. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். வகுப்பில் வாசிக்க எழுந்து நிற்பது போல் இருந்தது.

"இல்லை அண்ணை. அங்க ஒருத்தரும் இல்லை."

கோச்சுக்கு அதை ஆங்கிலத்திலும் சொன்னேன்.

நிரூ அண்ணை கோபப்படவில்லை. கடையில் அம்மாவின் கையை விட்டுவிட்ட பிள்ளை போல என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் ஓம் எண்டு சொன்னனீ?"

அதற்குப் பிறகு அவர் விளையாடவில்லை. இப்போது டொராண்டோவில் இருக்கிறார். எப்போதாவது மெசேஜ் போடுவார். தலையிடி குறைந்துவிட்டதாம், அப்பாவோடு காலையில் நடக்கப் போகிறாராம். ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்: 'நீ சொன்னது சரி தங்கச்சி. ஆனா அண்டைக்குச் சத்தம் கேட்டது.'

எனக்கு இப்போது பத்தொன்பது. அதே பின்னறை, அதே மணம். அந்தக் கொக்கி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அப்போது பக்கத்தில் வந்து கேட்டாலும் என் வாயிலிருந்து ஓம் தவிர ஒரு சொல் வராது. இப்போது காலையில் ரிங்கைத் திறந்ததும் முதல் வேலையாக இடது மூலையைப் பார்த்து, சத்தமாகச் சொல்கிறேன்.

"ஒருத்தரும் இல்லை."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்து நிற்பேன்... பிறகுதான் லைட்டைப் போடுவேன்.